சங்குத்திட்டு நரிகள்

சிதம்பரம்,
4 ஆகஸ்ட் 2024

அன்புள்ள மாமாவுக்கு,

கிரேசி எழுதிக்கொண்டது. ஹாஸ்டல் சோற்றையும் மீறி நான் இங்கே நலம். ஆபரேஷன் செய்த தொண்டைப் புண் ஆறிவிட்டதா? கழுத்துக் குழாயை தினமும் கழற்றிக் கழுவுகிறீர்களா, இல்லை அக்கா கத்தின பிறகுதான் கழுவுகிறீர்களா? போன தடவை வந்தபோது நீங்கள் சிலேட்டில் எழுதிக் காட்டுவதையும் அக்கா அதற்கு வாயால் பதில் சொல்வதையும் பார்த்துக்கொண்டிருந்தேன். "இப்பதான் வீட்ல சண்டையே இல்ல கிரேசி. அவுரு எழுதி முடிக்கறதுக்குள்ள எனக்கு கோவம் போயிடுது" என்று அக்கா சிரித்தாள். நானும் சிரித்தேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் அழுதேன்.

உங்களோடு இனி போனில் பேச முடியாது. மெசேஜ் அனுப்பலாம் என்றால் போன் அக்கா கையில் இருக்கிறது, அந்தச் சின்ன எழுத்தும் உங்கள் கண்ணுக்குப் பிடிபடாது. அதனால்தான் கடிதம்.

பல்கலைக்கழகத்தில் நான் என்ன செய்கிறேன் என்று சிலேட்டில் கேட்டீர்களே, "நரிப்பீ பொறுக்குறா" என்று அக்கா முந்திக்கொண்டாள். பொய்யில்லை. கழிமுகத்துத் திட்டுகளில் நரிகள் எப்படிக் குடியேறின என்பதுதான் என் ஆராய்ச்சி. நரியின் மலத்தில் அதன் குடலிலிருந்து உரிந்த தோல் கொஞ்சம் ஒட்டியிருக்கும். அதிலிருந்து மரபணுவைப் பிரித்துப் பார்த்தால் எந்த நரி எந்தத் தாயின் வழி, அந்தத் தாய் எந்த ஊர்க்காரி என்பது வரை சொல்லிவிடலாம்.

இப்போது வேலை சங்குத்திட்டில். சுனாமி வரை நீங்களும் அக்காவும் குடியிருந்த இடம். இன்று அங்கே ஒரு வீடுகூட இல்லை, ஒன்பது நரிகள் இருக்கின்றன. பழைய ஆள் யாரையாவது விசாரித்து எழுது என்று என் ஆராய்ச்சி வழிகாட்டி தட்சிணாமூர்த்தி சார் சொல்கிறார். எனக்குத் தெரிந்த பழைய ஆள் நீங்கள்தான். பிள்ளை பிலோமியைப் பறிகொடுத்த இடத்தைப் பற்றி உங்களிடம் எப்படிக் கேட்பது என்று நாலு நாள் தயங்கினேன். கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. உங்கள் காலத்தில் திட்டில் நரி இருந்ததா, மாமா?

அக்காவைக் கேட்டதாகச் சொல்லுங்கள். உடம்பு முக்கியம்.

அன்புடன்
கிரேசி


கடலூர் முதுநகர்,
21 ஆகஸ்ட் 2024

அன்புள்ள கிரேசிக்கு,

மாதாவின் துணையால் நானும் உன் அக்காவும் நலம். உன் நலத்துக்கும் படிப்புக்கும் வேண்டிக்கொள்கிறோம். புண் ஆறிவிட்டது. கஞ்சி இறங்குகிறது. பட்டறைக்கு அரை நாள் போகிறேன். படகு என்ஜினைப் பிரித்து மாட்ட வாய் தேவைப்படவில்லை.

நீ கேட்டதற்குப் பதில். சங்குத்திட்டில் நரி எங்கள் தாத்தா காலத்திலிருந்தே உண்டு. தண்ணீர் வற்றும் மாதங்களில் அக்கரைச் சுரபுன்னைக் காட்டிலிருந்து நீந்தி வரும். இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. இப்படியே எழுதிக்கொள்.

ஒரு விஷயம். இனி வீட்டு விலாசத்துக்கு எழுதாதே, பட்டறை விலாசத்துக்கு எழுது. உன் கடிதத்தை தபால்காரர் அக்காவிடம் கொடுத்துவிட்டார். நல்லவேளை, அவள் பிரிக்கவில்லை. திட்டின் பேரைக் கேட்டாலே அவளுக்கு அன்றைக்கெல்லாம் சோறு இறங்காது. உனக்குத் தெரியாதது இல்லை. குளிக்க வெந்நீர் வைக்கச் சுள்ளி இல்லை என்று கடலோரத்துச் சவுக்குத் தோப்புக்கு பிள்ளையை அனுப்பியது அவள். அனுப்பின கொஞ்ச நேரத்தில் அலை வந்தது. "நான்தான் அனுப்புனேன், நான்தான் அனுப்புனேன்" என்று இருபது வருஷமாகச் சொல்கிறாள். கேஸ் தீர்ந்துபோனால் பட்டினி கிடப்பாளே தவிர விறகு மூட்டமாட்டாள்.

வேறு ஒன்றும் விசேஷம் இல்லை. வேளாவேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு
மரிய ஜோசப்


சிதம்பரம்,
5 செப்டம்பர் 2024

அன்புள்ள மாமாவுக்கு,

நலம், நாடுவதும் உங்கள் நலமே. உங்கள் கடிதம் வந்த அன்றே வனத்துறைக்கு எங்கள் முதல் அறிக்கையை அனுப்பினோம். "திட்டில் முன்பு வசித்த ஒருவர் தெரிவித்தபடி, நரிகள் மூன்று தலைமுறைக்கு மேலாக அங்கே உள்ளன." அந்த ஒருவர் நீங்கள். அச்சில் வந்ததும் கொண்டுவந்து காட்டுகிறேன்.

உங்கள் வார்த்தைக்கு எவ்வளவு கனம் என்று தெரிந்துகொள்ளுங்கள். திட்டின் மணலில் ஆமைகள் முட்டையிடுகின்றன. நரிகள் அவற்றைத் தோண்டித் தின்றுவிடுகின்றன. தானாக வந்த நரி என்றால் அது அந்த மண்ணின் பிராணி, யாரும் தொடமாட்டார்கள். மனிதன் கொண்டுவந்து விட்டது என்றால் கூண்டு வைத்துப் பிடித்துவிடுவார்கள். நவம்பர் கடைசியில் அதிகாரிகள் குழு கூடி முடிவு செய்யும். என் மரபணுக் கணக்கு அதற்குள் வந்துவிடும்.

ஒப்பிட்டுப் பார்க்க மற்ற ஊர் நரிகளும் வேண்டும். அதனால் சுரபுன்னைக் காட்டில் ஆரம்பித்து மங்கலம்பேட்டைக் காடு, பெண்ணாடத்துக் கரும்புக் கொல்லைகள் வரை அலைந்துவிட்டேன். பொறுக்கின சரக்கையெல்லாம் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்த அம்மா, "என்னா பாப்பா, புளியா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

படகோட்டி எழிலன் ஒன்று சொன்னார். வருஷா வருஷம் டிசம்பரில் கடலூரிலிருந்து ஒருவர் தனியாகப் படகில் வந்து திட்டில் சாயங்காலம் வரை உட்கார்ந்துவிட்டுப் போவாராம். நீங்களா மாமா? எங்களிடம் சொன்னதே இல்லையே.

குழாயைக் கழுவுங்கள்.

அன்புடன்
கிரேசி


கடலூர் முதுநகர்,
30 செப்டம்பர் 2024

அன்புள்ள கிரேசிக்கு,

இருவரும் நலம். உன் நலத்துக்கு எழுது.

படகில் போகிறவர்கள் நூறு பேர் இருப்பார்கள்.

பெண்ணாடம் வரைக்கும் எதற்கு அலைகிறாய்? வெயிலில் உடம்பு கெட்டுப்போகும். நரி சுரபுன்னைக் காட்டிலிருந்து வந்தது என்றுதான் சொன்னேனே.

இப்படிக்கு
மரிய ஜோசப்


சிதம்பரம்,
22 அக்டோபர் 2024

அன்புள்ள மாமாவுக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே மழை பிடித்துக்கொண்டது. எனக்குச் சளி.

கணக்கு வந்துவிட்டது. அதை மூன்று தடவை சரிபார்த்த பிறகுதான் எழுதுகிறேன். சங்குத்திட்டு நரிகள் சுரபுன்னைக் காட்டு நரிகள் இல்லை. நடுவில் அரை மைல் தூரத் தண்ணீர்தான், ஆனாலும் ஒரு சொட்டு உறவு இல்லை. ஒன்பதும் ஒரே தாயின் வயிற்று வழி. தகப்பன் வழியும் ஒன்றேதான். ஒரே ஈற்றில் பிறந்த ஓர் ஆணும் ஒரு பெண்ணும், ஏறக்குறைய இருபது வருஷத்துக்கு முன்னால், அங்கிருந்துதான் எல்லாம் ஆரம்பித்திருக்கிறது. அந்தத் தாய்வழி நான் தேடின இடங்களில் ஒரே ஒரு இடத்தில்தான் இருக்கிறது. பெண்ணாடத்துக் கரும்புக் கொல்லையில்.

எண்பது கிலோமீட்டர், மாமா. நரி நடந்து வரலாம். அண்ணனும் தங்கையுமாகச் சேர்ந்து நடந்து, வழியிலிருக்கிற காட்டையெல்லாம் விட்டுவிட்டு, கழிமுகத்தையும் நீந்தி வந்தது என்று யாரும் நம்பமாட்டார்கள். யாரோ தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

தட்சிணாமூர்த்தி சார் என்னைக் கூப்பிட்டு, "உங்க சாட்சி யாரும்மா? தாத்தா காலம்னு சொன்னவரு?" என்று கேட்டார். சொந்தக்காரர் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. முதல் அறிக்கையில் என் பெயரும் இருக்கிறது. அதைத் திருத்தி எழுத வேண்டும். திருத்துவது பெரிதில்லை. நீங்கள் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்றுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

பதில் எழுதுங்கள்.

கிரேசி


சிதம்பரம்,
16 நவம்பர் 2024

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் உடல்நலம் பற்றி அக்காவிடம் போனில் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன். உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை.

கல்லறைத் திருநாளன்று பிலோமியின் கல்லறைக்குப் பூ வைக்க வந்தேனே, என்னைக் கண்டதும் தண்ணீர் எடுக்கப் போவதுபோல் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டீர்கள். ஜெபம் முடிகிறவரை வரவில்லை. அக்கா மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, "என்னை மன்னிச்சிடுடி" என்று கல்லிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். வருஷா வருஷம் இதையேதான் சொல்கிறாள்.

அன்று மத்தியானம் எங்கள் அம்மாவின் பைபிளில் ஒரு போட்டோ பார்த்தேன். 2004 மே மாதம். எனக்குப் பதினொரு வயசு. அம்மை போட்டு உள்ளறையில் படுத்திருந்தேன், பிலோமி லீவுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தவள் என்னிடம் ஜன்னல் வழியாகத்தான் பேசினாள். போட்டோவில் அவள் மடியில் ஒரு கூடை. கூடையில் இரண்டு செவலைக் குட்டிகள். நாய்க்குட்டிகள் என்றுதான் அன்றைக்கு எல்லோரும் சொன்னீர்கள். இன்றைக்கு எனக்குக் கண் தெரிகிறது. அந்த மூக்கின் நீளமும் வால் நுனியின் கறுப்பும் நாயுடையது இல்லை.

அவற்றின் பேர்கூட ஞாபகம் வந்தது. சீனி, வெல்லம். "ஏண்டி இந்தப் பேரு?" என்று ஜன்னலுக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டேன். "அப்பா கரும்பு வெட்டப் போன எடத்துலேர்ந்துதானே கொண்டாந்தாரு" என்றாள்.

மாமா, நீங்கள்தான் கொண்டுவந்தீர்கள். அதில் குற்றம் ஒன்றும் இல்லையே, பிள்ளைக்காகச் செய்தது. இதை மறைக்க எதற்கு ஒரு தாத்தாவைக் கூப்பிட வேண்டும்?

கிரேசி


கடலூர் முதுநகர்,
8 டிசம்பர் 2024

அன்புள்ள கிரேசிக்கு,

நலம் விசாரித்து எழுதக்கூட எனக்கு முகம் இல்லை. இருந்தாலும் நீ நலமாக இருக்க வேண்டும் என்றுதான் தினமும் வேண்டுகிறேன். இந்தக் கடிதத்தைப் பட்டறையில் மூன்று நாளாக எழுதுகிறேன்.

2004 மார்ச்சில் நண்டும் இறாலும் சரியாக இல்லை. பெண்ணாடத்துக்கு மூன்று வாரம் கரும்பு வெட்டப் போனேன். கொல்லை நடுவில் வெட்டிக்கொண்டு போகும்போது ஒரு குழி. அதில் கண் அப்போதுதான் திறந்த இரண்டு குட்டிகள், கரும்பழுப்பு மயிர். எங்கள் கூட்டத்தில் கொளஞ்சியம்மாள் என்று ஒருத்தி இருந்தாள். "நாய்க்குட்டிதான்யா, எடுத்துக்கினு போ. பொண்ணு கேட்டுச்சின்னு சொன்னியே" என்றாள். விளையாட்டுக்குச் சொன்னாளோ, நிஜமாகவே சொன்னாளோ. நான் கடலோரத்து ஆள். நரியை ஊளையாகத்தான் எனக்குத் தெரியும், குட்டியாகத் தெரியாது. கூடையில் வைத்துக் கொண்டுவந்தேன். பிலோமி அன்று ராத்திரி சாப்பிடக்கூட இல்லை, அவ்வளவு சந்தோஷம்.

ஐப்பசியில் ஒரு நாள் சுரபுன்னைக் காட்டில் நரி கத்தியது. எங்கள் வீட்டுக் கொல்லையிலிருந்து இரண்டும் பதில் கத்தின. திட்டே எழுந்து வந்து சிரித்தது. பிறகு கருவாடு திருடு போனதும் சிரிப்பு நின்றது. கொண்டுபோய் விட்டுவிடு என்றார்கள். கிறிஸ்துமஸ் முடியட்டும் என்று சொன்னேன்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நான் வீட்டுக்குப் பின்னால் துறையில் என்ஜினைப் பிரித்துக்கொண்டிருந்தேன். இனி நான் எழுதப் போவதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யும்போதுகூடச் சொல்லவில்லை. பிலோமி சுள்ளி பொறுக்கிக்கொண்டு திரும்பி வந்துவிட்டாள், கிரேசி. சுள்ளிக்கட்டை என் பக்கத்தில் போட்டுவிட்டு, "அம்மாகிட்ட குடுத்துடுப்பா" என்றாள். அவள் அம்மா அனுப்பின வேலையை முடித்துவிட்டாள். நான் சும்மா இருந்திருக்கலாம். "சாயங்காலம் ரெண்டையும் அக்கரையில விட்டுடப் போறேன்" என்று சொன்னேன். "விடமாட்டேன், ஒளிச்சி வெச்சிடுவேன் போ" என்று கயிற்றை அவிழ்த்து, இரண்டையும் இழுத்துக்கொண்டு மறுபடி கடலோரத்துக்கு ஓடினாள். பசித்தால் வருவாள் என்று சிரித்துக்கொண்டு ஸ்பேனரை எடுத்தேன். தண்ணீர் வந்தபோது உன் அக்கா ராணியை மட்டும்தான் என்னால் படகில் ஏற்ற முடிந்தது.

மூன்றாம் நாள் பிள்ளை கிடைத்தாள். ராணி மண்ணில் விழுந்து, "நான்தான் சுள்ளிக்கு அனுப்புனேன்" என்று கத்தினாள். சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் என் முகத்தில் விழிக்கமாட்டாளே என்று பயந்தேன். அடுத்த வாரம் சொல்லலாம், அடுத்த மாதம் சொல்லலாம் என்று இருந்தேன். ஒரு வருஷம் போன பிறகு, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்பதற்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டியதாகிவிட்டது. இப்போது வாயும் போய்விட்டது.

மறுவருஷம் மார்ச்சில் திட்டுக்குப் போனேன். சாயங்காலம் ஒன்று கத்தியது, இன்னொன்று பதில் சொன்னது. பிள்ளையைக் கொண்டுபோன தண்ணீர் அவை இரண்டையும் விட்டுவைத்திருந்தது. அதன் பிறகு வருஷம் ஒரு தடவை போய் உட்காருகிறேன். எழிலன் சொன்ன ஆள் நான்தான்.

அவற்றைப் பிடித்துவிடுவார்கள் என்று பயந்து பொய் சொன்னேன் என்று நினைத்துக்கொள்ள எனக்கும் ஆசைதான். அந்தக் காலையைப் பற்றி யாரும் கேட்டுவிடக் கூடாது என்றுதான் சொன்னேன். உன் பேருக்கு வந்த அவமானத்துக்கு என்னை மன்னிக்க வேண்டும்.

மறுபடியும் ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். அக்காவுக்கு இன்னும் தெரியாது.

மரிய ஜோசப்


சிதம்பரம்,
15 டிசம்பர் 2024

மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை ஆய்வகத்தில் நின்றுகொண்டே படித்தேன். எனக்கு உங்கள் மேல் இருக்கிற கோபத்தை எழுதினால் நான்தான் பிறகு வருத்தப்படுவேன். பொய் சொன்னதுக்கு இல்லை. ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் அக்கா அந்தக் கல்லிடம் மன்னிப்புக் கேட்கும்போது பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டு இருந்தீர்களே, அதுக்கு.

குழு கூடிவிட்டது. திருத்தின அறிக்கையில், "உள்நாட்டுக் கரும்புக் கொல்லையிலிருந்து மனிதரால் கொண்டுவரப்பட்டவை" என்று எழுதினேன். உங்கள் பேர் இல்லை. கூண்டு வைக்கப் போவதில்லை என்று முடிவாகியிருக்கிறது. கருணையால் இல்லை. அண்ணன் தங்கையில் ஆரம்பித்து ஒரே ரத்தத்துக்குள் சுற்றிச் சுற்றி வந்த வம்சம். மூன்று வருஷமாக ஒரு குட்டிகூடத் தேறவில்லை. இருப்பதெல்லாம் கிழம். யாரும் தொட வேண்டாம், தாமாகவே முடிந்துவிடும் என்று என் கணக்கை வைத்துத்தான் சொன்னார்கள். ஒன்பது என்று எழுதியிருந்தேன், போன வாரம் ஏழுதான் இருந்தன.

அவையும் போய்விட்டால் அந்தக் காலைக்குச் சாட்சியாக மிச்சமிருப்பது நீங்கள் ஒருவர்தான். அக்காவிடம் நான் சொல்லமாட்டேன். நீங்கள் சொல்ல வேண்டும். வாய் போய்விட்டது என்று எனக்கு எழுதாதீர்கள். வாய் இருந்த பத்தொன்பது வருஷமும் சொல்லவில்லை. இப்போது சிலேட்டு இருக்கிறது.

ஸ்கேன் எடுங்கள். நான் கூட வருகிறேன். கோபம் வேறு, இது வேறு.

கிரேசி


கடலூர் முதுநகர்,
23 டிசம்பர் 2024

அன்புள்ள கிரேசிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீ எழுதினது எல்லாம் சரி. ஸ்கேன் எடுத்தாகிவிட்டது. தொண்டையில் கட்டி மறுபடி வந்திருக்கிறது.

வியாழக்கிழமை இருபது வருஷம் ஆகிறது. இந்த வருஷம் நான் திட்டுக்குப் போகவில்லை. ராணியோடு கல்லறைக்குப் போகிறேன். வேண்டிக்கொள்.

மரிய ஜோசப்


கடலூர் முதுநகர்,
7 ஜனவரி 2025

அன்புத் தங்கச்சி கிரேசிக்கு,

அக்கா ராணி எழுதிக்கொண்டது. நலம் என்று எழுதத்தான் வேண்டும், எழுதிவிட்டேன். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? மாமா ஆஸ்பத்திரிக்குப் போய்வந்துகொண்டிருக்கிறார். எட்டாம் வகுப்புக்குப் பிறகு நான் எழுதுகிற முதல் கடிதம் இது, தப்பு இருந்தால் திருத்தாமல் படி. போனில் சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன் என்று எழுதுகிறேன்.

இருபத்தாறாம் தேதி கல்லறைக்குப் போய்விட்டு வந்து காப்பி கலந்துகொண்டிருந்தேன். மாமா சிலேட்டைக் கொண்டுவந்து நீட்டினார். "பாப்பா சுள்ளியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டாள்" என்று எழுதியிருந்தது. எனக்குப் புரியவில்லை. "எந்தப் பாப்பா, எந்த சுள்ளி?" என்றேன். அழித்தார், எழுதினார், அழித்தார், எழுதினார். நாலாவது சிலேட்டில் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. கையிலிருந்த டவராவைக் காப்பியோடு அவர் மேல் விட்டெறிந்தேன். நோயாளி என்றுகூடப் பார்க்கவில்லை. அவர் துடைத்துக்கொள்ளவும் இல்லை.

மூன்று நாள் பேசவில்லை. கஞ்சி வைத்தேன், மருந்து கொடுத்தேன், முகத்தைப் பார்க்கவில்லை. இருபது வருஷம், கிரேசி. எத்தனை ராத்திரி எழுந்து உட்கார்ந்திருக்கிறேன். அந்த மனுஷன் பக்கத்திலேயே படுத்திருந்தார்.

நாலாம் நாள் எனக்கு ஒன்றே ஒன்று தெரிந்தாக வேண்டும்போல் இருந்தது. "எவ்ளோ சுள்ளி கொண்டாந்தா?" என்று கேட்டேன். சிலேட்டை எடுத்தார். எழுதாமல் கீழே வைத்துவிட்டார். இரண்டு கையையும் அகல விரித்துக் காட்டினார். பெரிய கட்டுடீ. எட்டு வயசுப் பிள்ளை, நான் சொன்னதுக்கு மேலேயே பொறுக்கிக்கொண்டு வந்திருக்கிறாள். அவர் கையை இறக்கவே இல்லை. நான்தான் பிடித்து இறக்கினேன்.

மன்னித்துவிட்டேனா என்று கேட்காதே. எனக்கே தெரியவில்லை. அவருக்கு நாள் அதிகம் இல்லை என்று டாக்டர் சொல்கிறார், அதற்குள் தெரிந்தால் பார்க்கலாம். நரிகள் முடிந்துபோவதற்குள் என்னை ஒரு தடவை திட்டுக்குக் கூட்டிப்போ. எழிலனிடம் படகு சொல்லிவை. சீனி, வெல்லத்தின் பேரப் பிள்ளைகளாவது என் கண்ணில் படட்டும்.

நேற்று மாமா குளிக்க வெந்நீர் கேட்டார். கேஸ் இருந்தது. இருந்தாலும் கொல்லையில் மூன்று கல் வைத்து, சவுக்குச் சுள்ளி மூட்டித்தான் வைத்தேன். புகை கண்ணைக் கரித்தது. தண்ணீர் நன்றாகக் காய்ந்தது.

உன் அக்கா
ஆரோக்கிய ராணி